இரும்பில் குத்திய பெயர்கள்

தபால் முத்திரை சேர்ப்பவரை நம்மவர் மதிப்பர். பழைய நாணயம் சேர்ப்பவரை ஆராய்ச்சியாளர் என்பர். ஏட்டுச் சுவடி தேடி ஊரூராய் அலைந்த பெரியோரை நாம் போற்றக் கடமைப்பட்டவர்கள். ஆனால், பழைய சொக்கெற்றுகளையும் அவற்றைத் திருகும் றச்செற் பிடிகளையும் தேடிப் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளிலும் கொட்டாஞ்சேனையின் பழைய இரும்புக் கடைகளிலும் குனிந்து கிளறுகின்ற ஒரு பள்ளி ஆசிரியரைக் கண்டால் நகைக்காதவர் அரியர். வெள்ளவத்தையில் எமது அயலவர் இந்த நகைப்பைப் பல ஆண்டுகளாக எமக்கு அன்போடு வழங்கி வருகின்றனர். "மாஸ்டருக்குக் காரும் இல்லை, கராஜும் இல்லை; இந்த இரும்பு எதற்கு?" என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூற முயல்வதே இக்கட்டுரை.

விடையின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். பழைய கருவி ஒவ்வொன்றிலும் இரண்டு பெயர்கள் இருத்தல் கூடும். ஒன்று, தொழிற்சாலை அச்சிட்ட பெயர். மற்றது, அக்கருவியை வைத்து வாழ்ந்தவன் தன் கையாற் குத்திய பெயர். உலகெங்கும் கருவி சேர்ப்போர் முதலாவது பெயரைப் படிக்க நன்கு பழகியிருக்கின்றனர். இரண்டாவது பெயரையும் படிக்கப் பழகுவதே நம் போன்றோர் செய்ய வேண்டிய பணி என்பது எமது துணிபு.

முதலிற் கருவியை அறிந்துகொள்வோம். சாதாரண ஸ்பானரால் ஒரு நட்டைக் கழற்றுபவர் ஒவ்வொரு சிறு திருப்புக்கும் அதை எடுத்து மீண்டும் பொருத்த வேண்டும். எஞ்சினின் இடுக்கிலே கை நுழைவதே அரிதாக உள்ள இடத்தில் இது பெருந்தொல்லை. றச்செற்றின் தலைக்குள் ஒரு பற்சில்லும், சுருள்வில்லால் அழுத்தப்பட்ட ஒரு சிறு நாக்கும் இருக்கின்றன. ஒரு பக்கம் திருப்பும்போது நாக்கு பல்லைக் கவ்வி நட்டைச் சுழற்றும். மறுபக்கம் திருப்பும்போது பற்களின் மேல் "டிக், டிக்" என்று வழுக்கித் திரும்பும். கருவியை எடுக்காமலே வேலை நடந்துவிடும். பிடி ஒன்று, அதன் சதுர முனையிற் கொளுவும் கிண்ணம் போன்ற சொக்கெற்றுகள் பல. அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜே. ஜே. றிச்சட்சன் என்பவர் 1863 இல் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1920 இல் ஜோசப் ஜோன்சன் முதலியோர் தொடங்கிய ஸ்நாப்-ஒன் நிறுவனம், ஐந்து பிடிகளும் பத்துச் சொக்கெற்றுகளும் சேர்ந்து ஐம்பது சாவிகளின் வேலையைச் செய்யும் என்று விளம்பரப்படுத்தியது. மோட்டார் வண்டி பெருகப் பெருக இக்கருவியும் பெருகியது.

கொழும்புக்கு இது வந்த வழி துறைமுகத்தின் வழியே. துறைமுகமும், மருதானையிலிருந்து இரத்மலானைக்குப் பெயர்ந்த புகையிரதத் தொழிற்சாலையும், 1960 வரை ஓடிய ட்ராம் வண்டிகளும், வெள்ளவத்தை நெசவாலையும் இந்நகரில் இரும்பு வேலை தெரிந்த ஒரு தொழிலாளர் கூட்டத்தை உண்டாக்கின. இவர்கள் எவருடைய கைகளிலும் வெறும் கருவியாக இருந்தவர்களல்லர். 1929 இல் ட்ராம் தொழிலாளர் ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையிற் செய்த வேலைநிறுத்தமும், 1933 இல் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தமும் இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றின் மைல்கற்கள். பின்னதிலேதான் கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளம் இடதுசாரிகள் தொழிலாளரோடு தோள் சேர்ந்தனர். இவ்வேலைநிறுத்தங்களைப் பற்றி நூல்கள் உண்டு. ஆனால், அதே மனிதர்கள் மறுநாட் காலையில் எந்தக் கருவியைக் கையில் எடுத்தார்கள் என்பதை எழுதிவைத்தவர் எவருமிலர்.

கொழும்பு மெக்கானிக் ஒருவரின் பழைய பெட்டியைத் திறந்தால் அதனுள்ளே ஆட்சிகளும் போர்களும் அடுக்கடுக்காய்க் கிடப்பதைக் காணலாம். 1841 இல் ஜோசப் விற்வேத் என்னும் ஆங்கிலேயர் திருகுப் புரிகளுக்கு ஒரு பொது அளவை வகுத்தார். பிரித்தானியக் கொடி பறந்த இடமெல்லாம் அந்த அளவும் சென்றது. விற்வேத் சாவியில் 1/2 என்று எழுதியிருந்தால், அது சாவி வாயின் அளவன்று. போல்ற்றின் தண்டு அரை அங்குலத் தடிப்பு என்பதே பொருள். சாவியின் வாயோ 0.92 அங்குலம் இருக்கும். அமெரிக்கச் சாவியில் 1/2 என்றால் வாயே அரை அங்குலம். புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர் முதலில் தடுமாறும் இடம் இதுவே. இரண்டாம் உலகப் போரின்போது இரும்பைச் சேமிக்க வேண்டிப் பிரித்தானியர் விற்வேத் போல்ற்றின் தலையை ஓரளவு சிறிதாக்கினர். அதனால் ஒரே சொக்கெற்றில் "5/16 டபிள்யூ" என்றும் "3/8 பி.எஸ்." என்றும் இரண்டு அளவுகள் பொறிக்கப்பட்டிருத்தலைக் காண்கிறோம். போரின் பஞ்சம் அந்தச் சின்னஞ்சிறு இரும்பிலே எழுதப்பட்டிருக்கின்றது.

1948 இல் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய நாடுகள் ஒரு பொதுப் புரிக்கு உடன்பட்டன. போரின்போது ஒருவர் செய்த போல்ற்று மற்றவரின் நட்டுக்குள் நுழையாமற் பட்ட பாடு அவர்களுக்குப் புத்தி கற்பித்திருந்தது. அதன் பின்னர் பிரித்தானியக் கார்களும் மெல்ல மெல்ல அமெரிக்க அளவுக்கு மாறின. மொறிஸ் நிறுவனத்தின் கதை இன்னும் விசித்திரமானது. அந்நிறுவனம் 1923 இல் கொவென்றியிலிருந்த ஹொச்கிஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் தொழிற்சாலையை வாங்கியது. அங்கிருந்த இயந்திரங்கள் மில்லிமீற்றர்ப் புரி வெட்டுபவை. இங்கிலாந்துக் கராஜ்களில் இருந்தவையோ விற்வேத் சாவிகள். ஆகவே உள்ளே பிரெஞ்சுப் புரியும் வெளியே ஆங்கிலத் தலையுமாகப் பல்லாண்டுகள் மொறிஸ் எஞ்சின்களுக்குப் போல்ற்றுகள் செய்யப்பட்டன. இத்தகைய பழைய மொறிஸ் ஒன்றைக் கழற்றிப் பூட்டும் கொழும்பு மெக்கானிக், பள்ளிக்கூடம் எதுவும் கற்பிக்காத ஒரு பாடத்தைக் கைவிரலாற் படித்தவர் ஆவார்.

1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் ஜப்பானிய வாகனங்கள் வந்து குவிந்தன. அவற்றோடு மில்லிமீற்றர்ச் சொக்கெற்றுகளும் வந்தன. பழைய பாஸ்மார் மூன்று வகைச் சாவிகளையும் ஒரே பெட்டியில் வைத்திருந்தனர். 3/4 அங்குலமும் 19 மில்லிமீற்றரும் ஒன்றுக்கொன்று இடங்கொடுக்கும் என்பதையும், அரை அங்குல நட்டுக்கு 13 மில்லிமீற்றரைப் போட்டு முறுக்கினால் அதன் முனைகள் மழுங்கும் என்பதையும் அவர்கள் அறிவார்கள். இங்கே ஒரு வேடிக்கையையும் குறிப்பிட வேண்டும். ஜேர்மனியிலோ ஜப்பானிலோ செய்த மில்லிமீற்றர்ச் சொக்கெற்றாயினும், றச்செற்றிற் கொளுவும் அதன் சதுரத் துளை மட்டும் இன்றுவரை 1/4, 3/8, 1/2 என்று அங்குலத்திலேதான் இருக்கின்றது. சில பழக்கங்கள் அரசுகளைவிட நீண்ட ஆயுள் உடையவை.

இனி, பழைய கருவியை இனங்காணும் முறையைச் சிறிது கூறுவோம். முதலாவது, செய்தவன் பெயர். பர்மிங்ஹாமின் கிங் டிக், வுல்வர்ஹாம்டனின் பிரிட்டூல், ஜேர்மனியின் றெம்ஷைட் நகரைச் சேர்ந்த ஹசெற், கெடோர், எலோரா ஆகியன கொழும்பிற் கேள்விப்படும் பெயர்கள். ஹசெற் என்பது அதனைத் தோற்றுவித்த ஹெர்மன் செர்வரின் பெயரிலுள்ள முதலெழுத்துகள் இரண்டையும் ஜேர்மன் மொழியில் உச்சரிக்கும் முறையே. இரண்டாவது, நாட்டின் பெயர். "மேற்கு ஜேர்மனி" என்றிருந்தால் அது 1949 க்கும் 1990 க்கும் இடைப்பட்டது. "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானிற் செய்யப்பட்டது" என்றிருந்தால் 1952 க்கு முந்தியது. மூன்றாவது, அம்புக்குறி. பிரித்தானியப் படைக்குரிய பொருள் என்பதற்கு அடையாளமாக மூன்று கோடுகளாலான ஓர் அம்பும், பெரும்பாலும் அருகிலே ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய காலந்தொட்டு இத்தீவு பெரும் படைத்தளமாக விளங்கியது. திருகோணமலையும் கட்டுநாயக்காவும் 1957 இலேதான் நம்மவர் கைக்கு மீண்டன. அம்பு பொறித்த சாவிகள் இன்றும் இங்கே அகப்படுவதில் வியப்பில்லை.

நான்காவது, மேற்பூச்சு. போர்க்காலத்திற் குரோமியமும் நிக்கலும் கட்டுப்படுத்தப்பட்டமையால் அக்காலக் கருவிகள் பல கறுப்பாகவோ, மங்கலான கட்மியப் பூச்சுடனோ இருக்கும். அவற்றை மலிவுச் சரக்கென்று எண்ணி ஒதுக்குதல் தவறு. ஐந்தாவது, சொக்கெற்றின் உள்வாய். எட்டு மூலைகள் இருந்தால் அது சதுர நட்டுக்குரியது. கனத்த சுவருடைய சொக்கெற்று பெரும்பாலும் பழையது. உருக்கின் தரம் உயர உயரச் சுவர் மெலிந்தது. ஆறாவது, சதுர முனையின் அளவு. இன்று வழக்கிழந்த 9/32 அங்குல முனையைக் கண்டால் அதனை விட்டுவிடலாகாது. கடைசியாக, ஒரு பெட்டியிலுள்ளவை யாவும் ஒரே பெட்டியிற் பிறந்தவையா என்று பார்க்க வேண்டும். புதுக் குரோம் அடித்துப் பழைய எழுத்தின் விளிம்பை மழுக்கியவையும், பல பெட்டிகளின் எச்சங்களைக் கூட்டி "முழுச் செற்" என்று விற்கப்படுபவையும் நிரம்ப உண்டு.

இவ்வளவையும் கற்றவர் நல்ல சேகரிப்பாளர் ஆகலாம். ஆனால், இத்துடன் நிற்பவர் றெம்ஷைட்டின் வரலாற்றையும் பர்மிங்ஹாமின் வரலாற்றையுமே சேகரிக்கின்றார், கொழும்பின் வரலாற்றையன்று.

கொழும்பின் வரலாறு எங்கே தொடங்குகிறது? எந்தப் பெயரும் இல்லாத கருவியிலே தொடங்குகிறது. 1960 களிலிருந்து 1977 வரை இறக்குமதி இறுகியிருந்தது. அக்காலத்தில் ஒரு சொக்கெற்று வெடித்தால் புதியது வாங்குவது எளிதன்று. அப்போது நம் தொழிலாளர் தாமே செய்தனர். லொறியின் பட்டைவில்லை வெட்டிச் சாவியாக்கினர். தேய்ந்த சொக்கெற்றின் வாலிற் குழாயை ஒட்டி நீளச் சொக்கெற்று ஆக்கினர். ஒரு பெரிய சொக்கெற்றின் வாயைச் சூடாக்கி அடித்து, இல்லாத ஓர் அளவைப் பிறப்பித்தனர். 1958 இல் பஸ் சேவை தேசியமயமானபின், இலண்டனில் ஓடித் தேய்ந்த இரட்டைத்தட்டு பஸ்கள் பல இங்கே கொண்டுவரப்பட்டன. அங்கே தேய்ந்ததை இங்கே ஓட வைத்த கைகள் எத்தகைய கருவிகளைப் படைத்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கலாம். விலைப்பட்டியல் எதிலும் இடம்பெறாத இக்கருவிகளைப் பழைய இரும்புக்காரர் கிலோக் கணக்கில் நிறுக்கின்றனர். எமது அலுமாரியில் இவற்றுக்கே முதலிடம்.

அடுத்தது, கையாற் குத்திய பெயர். பெரிய தொழிற்சாலைகளிற் கருவிக்கு எண் குத்துவது வழக்கம். அது முதலாளியின் உடைமை என்பதற்கு அடையாளம். சிறு கராஜ்களில் அவ்வாறன்று. அங்கே தொழிலாளி தன் சொந்தப் பணத்தில், பல மாதச் சம்பளத்தை மிச்சம்பிடித்து, ஒவ்வொன்றாய்ச் சேர்த்த கருவி அது. ஆகவே, புள்ளி குத்தும் உளியால் தன் பெயரின் முதலெழுத்தைக் குத்திவைப்பான். எம்மிடமுள்ள அரை அங்குல றச்செற் ஒன்றிலே "க" என்னும் தமிழெழுத்து புள்ளி புள்ளியாய் இருக்கின்றது. அதன் கீழே, பின்னொரு காலத்தில் வேறொரு கையாற் குத்திய சிங்கள எழுத்து ஒன்று. பிடியின் மறுபுறம் ஒரு பிறை. மூன்று கைகள், மூன்று மொழி, சமயப் பின்னணிகள், தேய்ந்த பிடி ஒன்றுதான். பெயருள்ளவன் ஓய்வுபெறும்போது கருவியைத் தன் கோலயாவுக்குக் கொடுப்பான். கோலயா என்று சிங்களத்திற் சொல்லப்படும் பயிலுநர்ப் பையனைத் தமிழ்ப் பாஸ்மாரும் அப்படியே அழைத்தனர். கருவி கை மாறிய வழியில் இனம் குறுக்கே நின்றதில்லை. மேடைகளில் ஒற்றுமையைப் பற்றி நாம் கேட்ட சொற்பொழிவுகளைவிட அந்தப் பிடி எமக்கு அதிகம் உணர்த்தியது.

ஆயினும், ஒற்றுமையின் கதையை மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. கொட்டாஞ்சேனையில், புளூமெண்டால் வீதிப் பக்கமாய் உள்ள ஒரு கராஜில், முதிய சிங்கள பாஸ் ஒருவரின் பெட்டியின் அடியில் ஒரு சொக்கெற் வரிசையைக் கண்டோம். குரோம் கொப்புளித்து உரிந்திருந்தது. உருக்கிலே நீலமும் தவிட்டு நிறமும் படர்ந்திருந்தன. றச்செற்றைத் திருப்பினோம், "டிக்" என்ற ஓசை எழவில்லை. உருக்குக் கருவியின் வலிமை அதன் பதத்தில் இருக்கின்றது. பழுக்கக் காய்ச்சித் தோய்ச்சல் கொடுத்து, மீண்டும் அளவான சூட்டிற் பதப்படுத்தியே அதை ஆக்குகின்றனர். கட்டடம் எரியும் தீயில் அப்பதம் போய்விடும். சொக்கெற்று மெதுவாகி முறுக்கும்போது விரியும். சுருள்வில் தன் விசையை இழக்கும். நாக்கு பல்லைக் கவ்வாது. எந்தச் சேகரிப்பாளரும் இதனைக் கையாலும் தொடமாட்டார்.

"விலைக்குத் தருவீங்களா, பாஸ்?" என்று கேட்டோம்.

"இது எங்கட பாஸ்ஸிண்ட சாமான், சேர்," என்றார் அவர், கொழும்புத் தமிழில். "எனக்கு வேலை பழக்கினவர். எண்பத்து மூண்டுல கராஜ நெருப்பு வச்சாங்க. மூணு நாளைக்குப் பொறகு போய்ச் சாம்பலுக்குள்ள பொறுக்கினேன். அவர் கப்பல்ல யாழ்ப்பாணம் போயிட்டார். வந்தா குடுக்கணும்னு வச்சேன்."

"வேலைக்கு உதவாதே?"

"உதவாது சேர். ஆனா எறிய ஏலாது."

1983 ஜூலை 24 ஆம் திகதி இரவு பொரளையில் மூட்டப்பட்ட தீ மறுநாள் வெள்ளவத்தை உட்பட நகரெங்கும் பரவியது. வீடுகளும் கடைகளும் ஆலைகளும் எரிந்தன என்று நாம் எழுதுகின்றோம், பேசுகின்றோம். எரிந்தவற்றுள் கருவிப் பெட்டிகளும் இருந்தன என்பதை எவரும் கணக்கிட்டதில்லை. வீடு இழந்தவன் வாடகை வீட்டில் வாழலாம். கருவி இழந்த தொழிலாளி மறுநாளே கூலியாளாகி விடுகின்றான். தன் கையிலிருந்த தொழிலை விற்பவன் வெறும் உடல் வலிமையை விற்பவன் ஆகின்றான். இனக்கலவரம் என்று சொல்லப்பட்டது, உழைப்பாளியின் கண்கொண்டு நோக்கினால், ஒரு சாராரின் கைகளை வெட்டியதற்கு ஒப்பாகும். அதே வேளையில், அந்தச் சாம்பலில் நின்று தன் ஆசானின் சொக்கெற்றுகளைப் பொறுக்கிய சிங்களப் பையனும் அதே வரலாற்றின் பகுதிதான். இவற்றுள் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர் எவராயினும் உண்மைக்குத் துரோகம் செய்பவரே.

அந்த எரிந்த வரிசையின் தொழிற்சாலைப் பெயரை எம்மால் படிக்க முடிந்தது. அதன் விலைமதிப்பு பூச்சியம். எமது அலுமாரியில் இல்லாத அதுவே நாம் கண்டவற்றுள் அரிய கருவி. அது இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டியவரிடத்தில் இருக்கின்றது.

அன்று முதல் சில நெறிகளை நாம் கைக்கொண்டோம். தொழில் செய்துகொண்டிருப்பவரின் பெட்டியிலிருந்து விலைபேசி வாங்குவதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்காய் வரிசையில் நின்றனர். தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 இலேதான். இந்த நெருக்கடியில் அரிசிக்காகச் சாவி விற்ற மெக்கானிக்குகளை நாம் அறிவோம். அவ்வேளையில் வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்காக மலிவாய் வாங்கிக் குவித்த இடைத்தரகரையும் அறிவோம். பசித்தவனின் கருவியை வாங்குபவர் பழம்பொருளைக் காப்பாற்றுபவர் அல்லர். பழைய இரும்புக் கடையின் தராசுக்குப் போய்விட்டதையே நாம் வாங்குகின்றோம். துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடைக்கின்றோம். அரத்தாலோ அரைக்கும் சில்லாலோ தொடுவதில்லை. பளபளப்புக்காக உராய்ந்தால் முதலில் அழிவது கையாற் குத்திய பெயரே. யாரிடமிருந்து வந்தது, அவர் எங்கே வேலை பழகினார், அவருக்குப் பழக்கியவர் யார் என்பவற்றை விற்பவரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவைக்கின்றோம். வேலைக்கு உதவக்கூடியவற்றை, வேலை பழகும் பையன்களுக்குக் கொடுத்துவிடுகின்றோம். அவர்கள் தம் எழுத்தையும் அதிற் குத்திக்கொள்ளட்டும்.

இப்பணி ஒருவரால் முடிவதன்று. ஆசிரியர்களும் மாணவர்களும் இதனை வாசிப்பர் என்பதால் ஒன்று கூற விழைகின்றோம். மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியிலும், நமது பாடசாலைகளின் தொழினுட்ப வகுப்புகளிலும் மாணவர் அளவுகளைக் கற்கின்றனர். சாவியின் பெயர்களைக் கற்கின்றனர். தம் தெருமுனைக் கராஜின் பாஸிடம் சென்று, "இந்த எழுத்து யாருடையது?" என்று கேட்கவும் அவர்கள் கற்க வேண்டும். தமிழ் மாணவன் சிங்கள பாஸிடமும், சிங்கள மாணவன் தமிழ், முஸ்லிம் பாஸ்மாரிடமும் இக்கேள்வியைக் கேட்கட்டும். கேட்டதை எழுதிவைக்கட்டும். இந்நகரைக் கட்டி, ஓட்டி, பழுதுபார்த்தவர்களின் பெயர்ப் பட்டியல் எந்த அரசாங்கக் காரியாலயத்திலும் இல்லை. அது எண்ணெய் படிந்த பெட்டிகளில், புள்ளி புள்ளியாய், இன்னும் சிறிது காலம் மட்டுமே இருக்கும். உருக்கும் நிறுக்குமுன் அதனைப் படித்துவிட வேண்டும்.